பைக் நிற்கும் வீட்டில் முதலுதவியும் தெரிந்திருக்கட்டும்

சாலையில் ஒருவர் வண்டியோடு விழுந்தால் டீக்கடையிலிருந்தும் பஸ் ஸ்டாப்பிலிருந்தும் பத்துப் பேர் ஓடிவருவார்கள். ஒருவர் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பார். ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றுவார். ஒருவர் முகத்தில் சோடா தெளிப்பார். இன்னொருவர் ஆட்டோவை மறிப்பார். எல்லோருமே நல்ல மனசோடுதான் செய்கிறார்கள். ஆனால், கழுத்தெலும்பு முறிந்தவரை இழுத்து உட்கார வைத்தால் கைகால் விளங்காமல் போகலாம். மயங்கியவர் வாயில் ஊற்றும் தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கலாம்.

உதவும் மனசுக்கு நம்மிடம் பஞ்சமே இல்லை. எதை முதலில் செய்வது, எதைச் செய்யவே கூடாது என்று கைகள் பழகியிருப்பதுதான் குறைவு. பைக்கோ ஸ்கூட்டரோ உள்ள ஒவ்வொரு வீட்டிலும் ஒருவராவது முதலுதவிப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். அதுவரை கைகொடுக்கும் குறிப்புகள் இவை.

கிளம்பும் முன்

1. ஹெல்மெட்டின் வாரைப் பூட்டினால்தான் அது ஹெல்மெட். பூட்டாவிட்டால் விழும்போது தலைக்கு முன்னால் அதுதான் பறக்கும். 1935-ல் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரியும் எழுத்தாளருமான டி.இ.லாரன்ஸ் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு இறந்தபோது, அவரைக் கவனித்த மருத்துவர்களில் ஒருவர் மூளை அறுவை நிபுணர் ஹியூ கெய்ர்ன்ஸ். பிறகு அவர் ராணுவத்தில் பைக் ஓட்டியவர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து, ஹெல்மெட் உயிர் காக்கும் என்று 1941-ல் எழுதினார். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 4151 என்ற எண்ணும் உள்ளதை வாங்குங்கள். பின்னால் உட்காருபவருக்கும் ஒன்று வேண்டும். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் தெர்மாகோல் நசுங்கியிருக்கும். வெளியே கீறல் மட்டும் தெரிந்தாலும் அதை மாற்றிவிடுங்கள்.

2. வண்டிக்கென ஒரு முதலுதவிப் பை தயார் செய்யுங்கள். மருந்துக்கடையில் ‘காஸ்’ என்று கேட்டால் கிடைக்கும் கிருமி நீக்கிய துணி பாக்கெட் ஐந்தாறு, ரோலர் பேண்டேஜ் இரண்டு, கிரேப் பேண்டேஜ் ஒன்று, முக்கோணக் கட்டுத் துணி ஒன்று, பிளாஸ்திரி, கையுறை இரண்டு ஜோடி, மழுங்கிய முனையுள்ள கத்தரிக்கோல், ஊக்கு, சிறிய டார்ச், பேனா. இவை போதும். மாத்திரைகளை அடைக்க வேண்டாம்.

3. பையை ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டு, ஸ்கூட்டர் என்றால் சீட்டுக்கு அடியிலும் பைக் என்றால் தோள்பையிலும் வையுங்கள். சீட்டுக்கு அடியில் ஏறும் வெயில் சூட்டில் பிளாஸ்திரியின் பசை உருகும், கையுறை ஒட்டிக்கொள்ளும். பொங்கலுக்கு ஒருமுறை, ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவும்போது ஒருமுறை பையைப் பிரித்துப் பார்த்துக் கெட்டதை மாற்றினால் போதும்.

4. மொபைல் பூட்டியிருந்தாலும் திரையில் தெரியும்படி ‘அவசரத் தகவல்’ பகுதியை நிரப்புங்கள். யாரை அழைக்க வேண்டும், என்ன நோய், தினமும் சாப்பிடும் மருந்து, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பவை முக்கியம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைக் கட்டாயம் எழுத வேண்டும். ரத்த வகையை மருத்துவமனை எப்படியும் பரிசோதித்துவிடும். மருந்து விவரத்தை நீங்கள் சொன்னால்தான் தெரியும்.

5. பின்னால் உட்காரும் பெண்கள் சேலை முந்தானையையும் துப்பட்டாவையும் இடுப்பில் இறுகச் செருகிக்கொள்ளட்டும். பின்சக்கரத்தைப் பாதியாவது மறைக்கும் தடுப்பு வண்டியில் இருக்க வேண்டும் என்பது விதி. அழகுக்காக அதைக் கழற்றாதீர்கள். துப்பட்டா சக்கரத்தில் சிக்கிக் கழுத்தை இறுக்கினால் துணியை இழுக்கக் கூடாது. என்ஜினை நிறுத்திவிட்டு, கழுத்தருகே துணியை வெட்டுங்கள். பையில் கத்தரிக்கோல் கேட்பது இதற்கும் சேர்த்துத்தான்.

விபத்து நடந்த இடத்தில்

6. முதலில் உங்கள் பாதுகாப்பு. உதவப் போனவர் மேல் அடுத்த லாரி ஏறிய கதைகள் நம் நெடுஞ்சாலைகளில் உண்டு. உங்கள் வண்டியை ஓரங்கட்டி விளக்கை எரியவிடுங்கள். வாகனங்கள் வரும் திசையில் சற்றுத் தள்ளி ஒரு மரக்கிளையைப் போடுங்கள். ஒருவரை மொபைல் டார்ச்சோடு ஓரமாக நிற்கச் சொல்லுங்கள். விழுந்த வண்டியின் சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்துவிடுங்கள். பெட்ரோல் கசிந்தால் அருகே பீடி, சிகரெட் கூடாது.

7. “யாராச்சும் 108-க்கு போன் பண்ணுங்க” என்று பொதுவாகக் கத்தினால் எல்லோரும் அடுத்தவர் செய்வார் என்று நிற்பார்கள். ஆளைக் காட்டிச் சொல்லுங்கள்: “நீலச்சட்டை அண்ணே, நீங்க 108-க்கு அடிங்க. தம்பி, நீ வண்டிகளை நிறுத்து. அக்கா, நீங்க கூட்டத்தைத் தள்ளி நிக்கச் சொல்லுங்க.” வேலை கிடைத்த கூட்டம் உதவியாக மாறும்.

8. 108-ல் முதலில் இடத்தைச் சொல்லுங்கள். ஊர், கடைசியாகத் தாண்டிய பஸ் ஸ்டாப் அல்லது பெட்ரோல் பங்க், எந்த ஊரை நோக்கிப் போகும் பக்கம் என்பவை வேண்டும். நெடுஞ்சாலை என்றால் கிலோமீட்டர் கல்லின் எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். அடுத்து எத்தனை பேர், நினைவு இருக்கிறதா, மூச்சு இருக்கிறதா என்று சொல்லுங்கள். அவர்கள் வைக்கச் சொல்லும்வரை போனை வைக்காமல் ஸ்பீக்கரில் போடுங்கள். 112-ம் அவசர எண்தான். தேசிய நெடுஞ்சாலையில் 1033-ஐயும் அழைக்கலாம்.

9. பலர் அடிபட்டிருந்தால் சத்தம் இல்லாதவரிடம் முதலில் போங்கள். அலறுபவருக்கு மூச்சு இருக்கிறது. அசையாமல் கிடப்பவரின் தோளில் தட்டி, உரக்கக் கூப்பிடுங்கள். நெஞ்சும் வயிறும் ஏறி இறங்குகின்றனவா என்று 10 விநாடிக்கு மேல் எடுத்துக்கொள்ளாமல் பாருங்கள். ஒருவர் தடுமாறிப் பேசினால் குடித்திருக்கிறார் என்று ஒதுக்காதீர்கள். தலைக்காயமும், சர்க்கரை இறங்குவதும் அப்படித்தான் தெரியும்.

10. கையைப் பிடித்து எழுப்பாதீர்கள். “அண்ணே, அசையாதீங்க, தலையைத் திருப்பாதீங்க, ஆம்புலன்ஸ் வருது” என்று சொல்லி, தலைமாட்டில் மண்டியிட்டு இரண்டு கைகளாலும் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். கழுத்துத் தண்டுவடத்தைக் காப்பாற்ற அந்த நேரத்தில் அதைவிடப் பெரிய உதவி இல்லை. தீ, ஓடும் வாகனம் என்று உடனே நகர்த்தியே ஆக வேண்டுமென்றால், அக்குளுக்கு அடியில் கைகொடுத்து, தலையை உங்கள் முன்கைகளுக்கு நடுவே தாங்கி, உடல் நேராக இருக்கும்படி பின்னோக்கி இழுங்கள். ஆட்டோ சீட்டில் மடக்கித் திணிப்பதைத் தவிருங்கள்.

11. ஹெல்மெட்டைக் கழற்ற அவசரப்படாதீர்கள். பேசுகிறார், மூச்சு விடுகிறார் என்றால் கண்ணாடி மூடியைத் தூக்கிவிட்டு, தாடை வாரை மட்டும் தளர்த்துங்கள். மூச்சு நின்றுவிட்டது, வாயில் ரத்தமோ வாந்தியோ அடைக்கிறது, ஹெல்மெட் இருக்கும்வரை மூச்சுவழியைத் திறக்க முடியாது என்ற நிலையில்தான் கழற்ற வேண்டும்.

12. கழற்றுவதற்கு இரண்டு பேர் வேண்டும். மூக்குக் கண்ணாடி இருந்தால் முதலில் எடுங்கள். ஒருவர் தலைமாட்டில் இருந்து ஹெல்மெட்டை இருபுறமும் அசையாமல் பிடிக்க வேண்டும். மற்றவர் வாரை அவிழ்த்து, ஒரு கையால் தாடையையும் இன்னொரு கையைக் கழுத்துக்கு அடியில் விட்டுப் பின்மண்டையையும் தாங்க வேண்டும். பிறகு தலைமாட்டில் இருப்பவர் ஹெல்மெட்டின் ஓரங்களை விரித்து, மூக்கில் இடிக்காமல் லேசாகச் சாய்த்து மெல்ல உருவ வேண்டும். கழற்றியதும் தலையை மறுபடி பிடித்துக்கொள்ள வேண்டும். இதைப் படித்தால் போதாது. பயிற்சி வகுப்பில் இதைச் செய்துகாட்டச் சொல்லிக் கேட்டு, நீங்களும் செய்து பாருங்கள்.

13. ரத்தம் பீறிட்டால் அழுத்துங்கள். கையுறை போட்டு, காஸ் துணியோ சுத்தமான கைக்குட்டையோ வைத்து, உள்ளங்கையால் காயத்தின் மேலேயே பலமாக அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று தூக்கித் தூக்கிப் பார்க்காமல் 10 நிமிடமாவது பிடியுங்கள். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்று. கம்பியோ கண்ணாடியோ குத்தி நின்றால் பிடுங்கக் கூடாது. அதன் இருபுறமும் அழுத்தி, ஆடாமல் கட்டுங்கள். காபித்தூள், மஞ்சள்தூள் வேண்டாம்.

14. கையிலோ காலிலோ எவ்வளவு அழுத்தியும் நிற்காமல் கொட்டினால் இறுக்குக் கட்டு போட வேண்டிவரும். காயத்துக்கு மேலே, உடல் பக்கமாக, மூன்று நான்கு விரற்கடை தள்ளி, மூட்டின் மேல் படாமல் அகலமான துணியைச் சுற்றிக் குச்சி கோத்து ரத்தம் நிற்கும்வரை முறுக்குங்கள். கயிறும் ஒயரும் சதையை அறுக்கும். கட்டிய நேரத்தைப் பேனாவால் கட்டின் மேலேயே எழுதுங்கள். மருத்துவர் பார்க்கும்வரை தளர்த்தாதீர்கள். உயிர் போகும் அளவு ரத்தம் கொட்டினால் மட்டுமே இது.

15. கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சும் இல்லை அல்லது விட்டுவிட்டுத் திணறுகிறது என்றால் சி.பி.ஆர்., அதாவது நெஞ்சை அழுத்தி இதயத்தை இயக்கும் முதலுதவியைத் தொடங்க வேண்டும். மல்லாக்கப் படுக்க வைத்து, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு கையின் அடிப்பகுதியை வைத்து, அதன் மேல் மறு கையைக் கோத்து, முழங்கை மடங்காமல் அழுத்துங்கள். பெரியவர்களுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக எழ விடுங்கள். பயிற்சி பெற்றவர் 30 அழுத்தத்துக்கு 2 முறை வாய்வழி மூச்சு கொடுக்கலாம். பெறாதவர் அழுத்தினாலே போதும். 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். ஆம்புலன்ஸ்காரர்கள் கைமாற்றிக்கொள்ளும்வரை நிறுத்த வேண்டாம்.

16. மயங்கியிருக்கிறார், ஆனால் மூச்சு சீராக இருக்கிறது என்றால் தலையைப் பிடித்தபடி கவனித்துக்கொண்டே இருங்கள். வாந்தியோ ரத்தமோ வாயில் தேங்கினால், ஒருவர் தலையைப் பிடிக்க, இரண்டு பேர் தோளையும் இடுப்பையும் பிடித்து, தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒரே கோட்டில் இருக்கும்படி ஒருபக்கமாகத் திருப்புங்கள். தலைமாட்டில் இருப்பவர் “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று எண்ணியதும் மூவரும் சேர்ந்து திருப்ப வேண்டும்.

17. தண்ணீர், சோடா, டீ எதுவும் கொடுக்காதீர்கள். மயக்கத்தில் புரையேறும். நினைவோடு இருப்பவருக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படலாம், அதற்கு வயிறு காலியாக இருப்பதே நல்லது. தொண்டை வறண்டால் ஈரத் துணியால் உதட்டை நனையுங்கள். தலையில் அடிபட்டவருக்கு வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவி வைப்பதால் பயனில்லை. வாயில் எதையும் திணிக்காமல், சுற்றியுள்ள கல், வண்டி போன்றவற்றை அகற்றி, தலைக்கு அடியில் துணி வைத்து, எத்தனை நிமிடம் நீடித்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

18. முகம் வெளிறி, உடம்பு சில்லிட்டு வியர்த்து, நாடி வேகமாக ஓடினால், வெளியே காயமே தெரியாவிட்டாலும் உள்ளே ரத்தம் கசியலாம். படுத்தபடியே வைத்து, சட்டையோ போர்வையோ போர்த்துங்கள். கைப்பிடி வயிற்றில் குத்தியவர் “ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போறேன்” என்று எழுந்தாலும் மருத்துவமனைக்கே அனுப்புங்கள்.

19. பைக்கிலிருந்து கையை ஊன்றி விழுபவர்களுக்குத் கழுத்துக்குக் கீழே உள்ள காறை எலும்பும் மணிக்கட்டும் முறிவது சகஜம். வீங்குவதற்குள் மோதிரம், வளையல், கடிகாரத்தையும், கால் என்றால் மெட்டி, கொலுசையும் கழற்றுங்கள். கோணலாக இருந்தாலும் இழுத்து நேராக்காதீர்கள். இருக்கும் நிலையிலேயே சுருட்டிய வார இதழை அணைவைத்துத் துண்டால் கட்டுங்கள். கையை முக்கோணத் துணியில் தொங்கவிடலாம். கட்டிய பின் விரல் நுனி நீலமானால் கட்டைத் தளர்த்துங்கள். எண்ணெய் தடவி உருவிவிட வேண்டாம்.

20. ஓடும் வண்டியின் செயினில் விரலைக் கொடுத்துத் துண்டாகிப் போவது வண்டி கழுவும் வீட்டு வாசலிலும் நடக்கிறது. காயத்தை அழுத்திக் கட்டிவிட்டு, துண்டான விரலை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு மூடி, அந்தக் கவரை ஐஸ் தண்ணீருக்குள் வையுங்கள். விரல் நேரடியாக ஐஸில் படக் கூடாது. எந்த மருத்துவமனையில் ஒட்டும் அறுவை சிகிச்சை உண்டு என்று 108-லேயே கேளுங்கள்.

21. மாஞ்சா நூல் கழுத்தை அறுத்தால், காயத்தின் மேல் மட்டும் துணி வைத்து விரல்களால் அழுத்துங்கள். கழுத்தைச் சுற்றிக் கட்டு போடக் கூடாது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அழுத்தவும் கூடாது. நைலான் மாஞ்சாவை 2017-லேயே தேசிய பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுக்கத் தடை செய்துவிட்டது. ஆனாலும், மாடியில் பட்டம் பறக்கும் தெருக்களில் மெதுவாகவே போங்கள். நூல் முதலில் படுவது முன்னால் இருப்பவர் மேல்தான் என்பதால், குழந்தையைப் பெட்ரோல் டேங்க் மேல் முன்னால் உட்கார வைக்காதீர்கள்.

சின்னக் காயங்கள்

22. தார்ச்சாலைச் சிராய்ப்பைக் குடிக்கும் தரத்துத் தண்ணீரால் மண் போகும்வரை கழுவுங்கள். ஒட்டியிருக்கும் மணலைச் சோப்பு நுரையோடு மெல்ல எடுங்கள். மண் உள்ளேயே தங்கினால் சீழ் வைக்கும், கறுப்புத் தழும்பும் நிற்கும். ஒட்டாத காஸ் வைத்து மூடுங்கள். மண் பட்ட காயத்துக்கு, கடைசி டிடி ஊசி போட்டு 5 ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தால் மருத்துவரைப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

23. சைலன்சர் சூடு பட்டால் ஓடும் சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். உடனே கொலுசைக் கழற்றுங்கள். ஐஸ், பற்பசை, இங்க், இட்லி மாவு எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள். உள்ளங்கையைவிடப் பெரிய காயம், குழந்தையின் காயம், வெளுத்துப்போய் வலியே தெரியாத காயம் மூன்றையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

24. மாலையில் கண்ணில் பூச்சி விழுந்தால் வண்டியை நிறுத்துங்கள். தேய்க்காமல் சுத்தமான தண்ணீரை மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கமாக வழியவிட்டுக் கழுவுங்கள். உறுத்தல் நிற்காவிட்டால் கண் மருத்துவரிடம் போங்கள்.

வீடு திரும்பிய பின்

25. தலையில் அடிபட்டவர் நன்றாகப் பேசுகிறார் என்பதற்காக நிம்மதி அடையாதீர்கள். மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவே ரத்தம் மெல்லச் சேர்ந்து, சில மணி நேரம் கழித்து நினைவு தப்பலாம். 24 மணி நேரமாவது ஒருவர் கூடவே இருக்க வேண்டும். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம், குழறும் பேச்சு, ஒரு கண்மணி பெரிதாக மற்றது சிறிதாக இருப்பது, காதிலோ மூக்கிலோ ரத்தமோ தெளிந்த நீரோ வடிவது, வலிப்பு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். காதில் பஞ்சு அடைக்காதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர், எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் போக வேண்டும்.

26. போலீஸ், கோர்ட் என்று பயந்து, அடிபட்டவருக்கு உதவாமல் ஒதுங்காதீர்கள். 2016-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும், 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 134-ஏ பிரிவும் உதவுபவரைக் காக்கின்றன. பெயர், முகவரி சொல்லும்படி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்த்துவிட்டுக் கிளம்பலாம். உங்களிடம் மருத்துவமனை பணம் கேட்கக் கூடாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் இலவசம். எந்த மாநிலத்தவர் என்று பார்ப்பதில்லை.

பயிற்சி பெறுவது எப்படி?

27. செஞ்சிலுவைச் சங்கத்தின் மாவட்டக் கிளையிலும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் மையத்திலும் முதலுதவி வகுப்பு உண்டா, அடுத்தது எப்போது என்று கேளுங்கள். ஜெர்மனியில் பைக் லைசென்ஸ் வாங்க, 45 நிமிடப் பாடங்கள் ஒன்பது கொண்ட முதலுதவி வகுப்பை முடித்திருக்க வேண்டும். இங்கே யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. அதனால் நாமாகவே போக வேண்டும்.

28. பொம்மையில் சி.பி.ஆர். செய்யவிடுவார்களா, ஹெல்மெட் கழற்றுவது, உருட்டித் திருப்புவது, இறுக்குக் கட்டு ஆகியவற்றைச் செய்ய வைப்பார்களா என்று சேரும் முன்பே கேளுங்கள். படம் காட்டிச் சான்றிதழ் கொடுக்கும் வகுப்பால் கை பழகாது. குடியிருப்புச் சங்கம், கல்லூரி, உணவு விநியோகம் செய்யும் இளைஞர்கள் என்று இருபது பேர் சேர்ந்தால் பயிற்சியாளரையே வரவழைத்துக்கொள்ளலாம்.

29. கற்றது சில மாதங்களிலேயே மங்கத் தொடங்கும். மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் ஒருவர் ஹெல்மெட் போட்டுப் படுக்க, மற்ற இருவர் அதைக் கழற்றிப் பழகுங்கள். தலையணையில் நெஞ்சழுத்தத்தின் வேகத்தை எண்ணிப் பாருங்கள். நன்றாக இருக்கும் ஆளின் நெஞ்சில் மட்டும் அழுத்திப் பழகக் கூடாது. வீட்டுக் குழந்தைகளுக்கு 108-ல் இடம் சொல்லக் கற்றுக்கொடுங்கள்.

30. மகனுக்கோ மகளுக்கோ புது வண்டி வாங்கித் தரும்போது, சாவி கொடுக்கும் முன் முதலுதவி வகுப்பை முடித்துவரச் சொல்லுங்கள். சீட் கவருக்கும் கண்ணாடிக்கும் செலவு செய்கிறோம். உயிர் காக்கும் பழக்கத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குவது பெரிதல்ல. ஒரு தெருவில் நான்கு பேர் பயிற்சி பெற்றிருந்தால், அடுத்த விபத்தில் ஓடிவரும் பத்துப் பேருக்கும் என்ன செய்ய வேண்டும் என்று அவர்கள் சொல்வார்கள்.